எந்த எஞ்சின், எமெட்?

1

டெல்மா ப்ரூக்னரின் இடுப்பில் செல்போன் அதிர்ந்தபோது, அவள் தட்டில் மூன்றாவது பான்கேக் விழுந்து கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை. தீயணைப்பு நிலையத்தின் வருஷாந்தர பான்கேக் விருந்து. வண்டிகளை வெளியே ஓட்டி நிறுத்திவிட்டு, உள்ளே நீள நீளமாய் மேஜை போட்டிருந்தார்கள்.

பெல்ஹேவன் ஊரே அங்கேதான் இருந்தது. ஓஹையோவில் ஓர் ஊர் முழுக்க வீட்டைப் பூட்டாமல் கிளம்பி வர வேண்டுமென்றால், அதற்கு இலவச பான்கேக்கை விட்டால் வேறு வழியில்லை.

திருடனுக்கு இதைவிட நல்ல நேரம் அமையாது என்று வருஷா வருஷம் டெல்மா சொல்வாள். அவள் ஷெரீஃப் அலுவலகத்தின் துப்பறியும் அதிகாரி. சொல்ல வேண்டியது கடமை.

வருஷா வருஷம் எல்லோரும் சிரிப்பார்கள்.

"சிரப் பாட்டிலை இப்படித் தள்ளுங்க, டெல்மா."

பின்னால் நின்றது மில்ட் ட்ரையர். ஊரில் எஞ்சின் பட்டறை வைத்திருப்பவர். ஒல்லி. அளவாய்ப் பேசுவார். இன்றைக்கு ஏனோ கொஞ்சம் மூச்சு வாங்கியது.

டெல்மா பாட்டிலைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தாள்.

"டெல்மா..."

ரொவீனா ஸ்ட்ரவுட்டின் குரல். சற்று முன்புவரை இங்கே அடுப்படியில் பான்கேக் புரட்டிக்கொண்டிருந்தவள்.

"எமெட்... காரேஜ்ல... கீழே விழுந்து கிடக்கிறார். பக்கத்துல எஞ்சின் கிடக்குது. தலையில ரத்தம்..."

"மூச்சு இருக்கா?"

"இருக்கு... இருக்குன்னுதான் நினைக்கிறேன்."

"அவரை அசைக்காதீங்க. ஆம்புலன்ஸ் ஆளுங்க எல்லாரும் இங்கேதான் தின்னுக்கிட்டு இருக்காங்க. இதோ வந்துட்டோம்."

டெல்மா தட்டை மேஜையில் வைத்தாள். சைரன் கிளம்பியது. நிலையம் பாதி காலியானது.

மில்ட் மட்டும் சிரப் பாட்டிலைப் பிடித்தபடி நின்றார்.

"எமெட்டுக்கா?" என்றார்.

டெல்மா இன்னும் யார் பெயரையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் ரொவீனாவின் குரல் போனை விட்டு வெளியே வழிகிற அளவுக்குத்தான் இருந்தது. அதனால் அப்போது அவளுக்கு அது உறைக்கவில்லை.

2

எமெட் ஸ்ட்ரவுட்டை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது அவருடைய கண் மூடியிருந்தது. அவர் மனைவி ரொவீனா கூடவே ஆம்புலன்ஸில் ஏறினாள். ஏப்ரன் கூட கழற்றவில்லை.

காரேஜில் டெல்மாவும் அவளுடைய உதவி அதிகாரி கார்வினும் மிஞ்சினார்கள். கார்வின் ஊருக்குப் புதுசு. கொலம்பஸ் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவன்.

நடுவில் அந்தக் கார்.

அறுபதுகளில் ரேஸ் மைதானங்களைக் கலக்கிய கோப்ரா காரின் நகல். திறந்த தலை, பெருத்த தோள், நீல உடம்பு, மூக்கிலிருந்து வால்வரை ரெண்டு வெள்ளைப் பட்டை. எமெட் ரிட்டயர் ஆனபிறகு பெட்டி பெட்டியாய் வரவழைத்து, ஒவ்வொரு ஆணியையும் தானே முறுக்கிக் கட்டியது.

கார்வின் மூடியைத் தூக்கிப் பார்த்தான்.

"மேடம், இதுல எஞ்சினே இல்லை."

"இருக்காது."

"அப்ப எப்படி ஓடும்?"

"ஓடாது. ரெண்டு வருஷமா இப்படித்தான் நிக்குது. எமெட்டால முடிவு பண்ண முடியலை."

"எதை?"

டெல்மா பெருமூச்சு விட்டாள்.

"இந்தக் காருக்கு ரெண்டு விதமா எஞ்சின் போடலாம். ஸ்மால் பிளாக், இல்லைன்னா பிக் பிளாக். சின்னது போட்டா மூக்கு லேசா இருக்கும். வளைவுல சொன்ன பேச்சு கேட்கும். பெரிசு போட்டா சொன்ன பேச்சு கேட்காது. ஆனா பக்கத்து ஊருக்குக் கேட்கும்."

"எது மேடம் நல்லது?"

"அதை இந்த ஊர்ல சத்தமா கேட்காதே. அந்தக் கேள்வியால ஒரு கல்யாணமே நின்னிருக்கு."

கார்வின் மூடியைச் சத்தமில்லாமல் இறக்கினான்.

மூலையில் அந்தப் பெரிய எஞ்சின் ஒருச்சாய்ந்து கிடந்தது. அழுக்கேறிய இரும்பு மலை. பக்கத்தில் சக்கரம் வைத்த கை கிரேன். அதன் கை தாழ்ந்து, சங்கிலி தளர்ந்து, தரையைத் தொட்டது. தரையில் ரத்தத் திட்டு.

"விபத்துதான் மேடம். தனியா எஞ்சினைத் தூக்கியிருக்கார். நழுவி இடிச்சிருக்கு."

"ஸ்ட்ரெச்சர்ல அவர் என்ன போட்டிருந்தார், பார்த்தியா?"

"வெள்ளைச் சட்டை."

"இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தோள்ல மட்டும் கிரீஸ் அப்பியிருந்தது. கை ரெண்டும் சுத்தம்." டெல்மா கிரேனின் கைப்பிடியைக் காட்டினாள். புதுசாய் ஈரக் கிரீஸ். விரல்கள் வழுக்கிய தடம். "இதைப் பிடிச்ச கை சுத்தமா இருக்க முடியுமா?"

கார்வின் குனிந்து பார்த்தான். மெல்ல நிமிர்ந்தான்.

"அப்ப இங்கே வேற ஒருத்தர் இருந்திருக்கார்."

"இருந்திருக்கார். எமெட் ரத்தத்துல கிடக்கிறதைப் பார்த்துட்டு, போன் கூட பண்ணாம போயிருக்கார்."

வாசலில் நிழல் ஆடியது.

மில்ட்.

"நானும் பின்னாலயே வந்துட்டேன். எமெட் எப்படி இருக்கான்? ஏதாவது பேசினானா?"

"இல்லை. இந்த கிரேன் யாரோடது, மில்ட்?"

"என்னோடது." தயக்கமே இல்லை. "வியாழக்கிழமை எமெட் கேட்டான், கொண்டு வந்து விட்டேன். அவன்கிட்ட இருந்தது சின்ன கிரேன். பெரிய எஞ்சினைத் தூக்கினா முதுகு ஒடிஞ்சிடும்."

"பெரிய எஞ்சினைத் தூக்கப் போறதா அவரே சொன்னாரா?"

"வாயால சொல்லலை. சிரிச்சான். பெரிய கிரேன் எதுக்குக் கேட்பாங்க?" மில்ட் தரையில் கிடந்த இரும்பைப் பார்த்தார். முகம் சுண்டியது. "ரெண்டு வருஷமா தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன், டெல்மா. ஸ்மால் பிளாக் போடுடா, லேசா இருக்கும், எஞ்சின் சூட்டுல காலும் வேகாது, அறுபத்தெட்டு வயசுல உனக்கு எதுக்குடா இந்த எமன்னு. கேட்டாத்தானே. எல்லாம் அந்த ரஸ் பண்ற வேலை."

ரஸ் பெல்க்கி. ஊரின் பிக் பிளாக் கட்சித் தலைவர். அந்தக் கட்சியில் வேறு உறுப்பினர்கள் உண்டா என்பது தெரியாது. ரஸ் சத்தத்தில் மற்றவர்கள் இருப்பது கேட்காது.

"சனிக்கிழமை வந்து என் கையால எஞ்சினை இறக்குறேன்னு போன வாரம் கார் கிளப் பிக்னிக்ல கத்தினான். எல்லாரும் கேட்டாங்க." மில்ட் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்குக் காலையில விருந்துக்கு ரஸ் வந்தானா?"

டெல்மா யோசித்தாள்.

வரவில்லை.

ரஸ் இலவசச் சாப்பாட்டைத் தவறவிட்டதாகச் சரித்திரமே இல்லை.

3

ரஸ் பெல்க்கி மருத்துவமனையில் அகப்பட்டார்.

காத்திருக்கும் அறையில், குட்டி நாற்காலியில் தன் பெரிய உடம்பைத் திணித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரொவீனா. அவள் கையில் யாரோ கொடுத்த காபி. குடிக்கவில்லை.

எமெட்டுக்கு உள்ளே ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கார்வின் ரஸ்ஸின் கைகளைத்தான் முதலில் பார்த்தான்.

மணிக்கட்டுவரை கருப்பு.

"மிஸ்டர் பெல்க்கி, காலையில எங்கே இருந்தீங்க?"

"வெளியில."

"வெளியிலன்னா?"

"வெளியிலன்னா உள்ளே இல்லைன்னு அர்த்தம், தம்பி."

மில்ட் எதிரில் வந்து உட்கார்ந்தார். ரஸ் அவரைப் பார்த்தார். வாய் இறுகியது.

"கையில என்ன கிரீஸ்?" டெல்மா கேட்டாள்.

"கார் வேலை."

"எந்த கார்? உங்களோடதா, எமெட்டோடதா?"

"சொல்ல முடியாது."

"ரஸ்..." ரொவீனா மெல்லக் கூப்பிட்டாள். "அவர் உள்ளே கிடக்கிறார். தெரிஞ்சதைச் சொல்லுங்க."

ரஸ்ஸின் கண் கலங்கியது. பார்வை ஒரு தடவை மில்ட் பக்கம் ஓடித் திரும்பியது.

டெல்மா கவனித்தாள்.

"எழுந்திருங்க. வெளியே போய்ப் பேசலாம்."

நடைக்கூடத்தின் கோடிக்கு வந்ததும் ரஸ் சுவரில் சாய்ந்தார். திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"மில்ட்டுக்குக் கேட்காதே?"

"கேட்காது."

"சத்தியமா?"

"ரஸ், இது கொலை முயற்சியா இருக்கலாம். நீங்க இப்ப முதல் வரிசையில நிக்கிறீங்க."

ரஸ் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"கொதிச்சிடுச்சு."

"என்னது?"

"என் கார். பிக் பிளாக். விருந்துக்குத்தான் கிளம்பினேன். மரப் பாலத்துக்கிட்ட வரும்போது ஆவி பறக்க நின்னுடுச்சு. மூடியைத் திறந்து வச்சிட்டு, ரோட்டோரத்துல உட்கார்ந்திருந்தேன். சோளக்காட்டுக்காரர் ஒருத்தர் டிராக்டர்ல வந்து தண்ணி கொடுத்தார். ஒரு பஸ் நிறைய சர்ச் ஆளுங்க போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க."

கார்வின் இருமினான். சிரிப்பை மறைக்கத்தான்.

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு அடம்?"

"பிக் பிளாக் கொதிக்கும், நின்னுடும்னு அவன் பத்து வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கான், தம்பி. இல்லவே இல்லைன்னு நான் பத்து வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்." ரஸ் இரண்டு கைகளையும் நீட்டினார். "அவன்கிட்ட சொல்றதா இருந்தா இப்பவே விலங்கு மாட்டிடுங்க."

டெல்மா கார்வினிடம் தலையசைத்தாள். அவன் போனில் சர்ச் அலுவலகத்தைக் கூப்பிட்டான்.

போட்டோ உடனே வந்தது. ஆவிக்கு நடுவில் ரஸ்ஸின் சோக முகம். மிகத் தெளிவாக.

"இவர் இல்லை மேடம்."

"இல்லை," என்றாள் டெல்மா. "அப்ப எமெட் யாருக்கு வேண்டாதவரா போனார்?"

4

அவர்கள் திரும்பி வந்தபோது, மில்ட் தாதியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நினைவு வந்துச்சா? ஏதாவது சொன்னாரா?"

"டாக்டர் வந்து சொல்வாங்க சார். இதோட எத்தனை தடவை கேட்டுட்டீங்க."

டெல்மா ரொவீனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எமெட் விருந்துக்கு வந்தார் இல்லையா?"

"என் கூடவே வந்தார். சுத்திச் சுத்திப் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம், போனை வீட்டுல வச்சிட்டேன், எடுத்துட்டு வர்றேன்னு நடந்தே போனார். ரொம்ப நேரம் ஆச்சு. வரலை. நான் போய்ப் பார்த்தா..." ஏப்ரனால் கண்ணைத் துடைத்தாள். "போன் சமையல் மேஜையிலேயே இருந்தது. தொடக்கூட இல்லை."

"உள்ளே வந்தவருக்கு காரேஜ்ல ஏதோ சத்தம் கேட்டிருக்கு."

டெல்மா தன் போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாய்க் காட்டினாள். கிரேன். சங்கிலி. சாய்ந்து கிடந்த எஞ்சின்.

"இதுல ஏதாவது இடம் மாறியிருக்கா? வழக்கமா இருக்கிறது இல்லாம, இல்லாதது இருந்து..."

ரொவீனா படத்தைப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள். புருவம் சுருங்கியது.

"என் மஞ்சள் எங்கே?"

"என்ன மஞ்சள்?"

"இது எங்க எஞ்சின் இல்லையே."

டெல்மா குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"எங்க எஞ்சின் எமெட்டோட அண்ணன் வச்சிருந்தது," என்றாள் ரொவீனா. "அண்ணன் செத்தப்புறம் இந்தியானாவுல அவர் களஞ்சியத்தைக் காலி பண்ணும்போது கிடைச்சது. கொண்டு வந்து மூலையில பலகை மேல வச்சார். துணி துவைக்கிற மெஷினுக்குப் போற வழியில. அதோட பக்கத்துல வரிசையா மூணு போல்ட் தலை துருத்திக்கிட்டு இருக்கும். சரியா என் சுண்டுவிரல் உயரம். எத்தனை தடவை இடிச்சிருப்பேன் தெரியுமா? கடைசியில சமையலறைக்கு அடிச்ச மஞ்சள் பெயிண்ட்டை எடுத்து அந்த மூணுலயும் பூசி வச்சேன், கண்ணுக்குத் தெரியட்டும்னு. இதுல மஞ்சளும் இல்லை, போல்ட்டும் இல்லை."

ரஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"போல்ட்... பக்கவாட்டுலயா?"

"ஆமா."

"கீழ் விளிம்புக்கு மேல? வரிசையா?"

"அதான் சொன்னேனே. என் கால்விரலைக் கேளுங்க."

ரஸ் மறுபடி உட்கார்ந்தார். உட்காரவில்லை, விழுந்தார்.

"சொல்லித் தொலைங்க, ரஸ்," என்றாள் டெல்மா.

"சாதா பிக் பிளாக்ல பக்கவாட்டு போல்ட் கிடையாது. பெரிய சைஸ் செடான் கார்ல எல்லாம் வந்தது, ஊருக்கு நாலு கிடைக்கும். ஆனா ரேஸுக்குன்னு தனியா பண்ணினதுல மட்டும், உள்ளே இருக்கிற தாங்கிகளைப் பக்கத்துலேர்ந்தும் இறுக்கியிருப்பாங்க. நிஜமான, அசல் ரேஸ் எஞ்சின். வாழ்நாள்ல ஒண்ணைத் தொட்டுப் பார்க்கணும்னு ஏங்குறவங்க இருக்காங்க." ரஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ரெண்டு வருஷமா அது மேல காபி கப் வச்சிருக்கேன்."

"பிக் பிளாக் பத்தி ஊருக்கே பாடம் எடுப்பீங்களே. குனிஞ்சு பார்க்கலையா?"

"குனியிற உடம்பா இது?"

கார்வின் டெல்மாவின் காதருகே வந்தான்.

"அப்ப யாரோ அசலை எடுத்துட்டு, அதே ஜாடையில சாதா எஞ்சினை வைக்க வந்திருக்காங்க. மாத்தி வைக்கும்போது எமெட் நுழைஞ்சிட்டார்."

"எடுத்தவனுக்கு அது என்னன்னு தெரியணும்," என்றாள் டெல்மா. எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே. "மாத்தி வைக்க இன்னொண்ணு கைவசம் இருக்கணும். ரொவீனா, அந்த எஞ்சினை வேற யாராவது கேட்டதுண்டா?"

"யார் கேட்பாங்க அந்த இரும்பை? மில்ட் மட்டும் அப்பப்ப சொல்வார். ஸ்மால் பிளாக் போட்டுக்கோங்க, இந்தக் குப்பையை நானே எடுத்துட்டுப் போய்க் காயலான் கடையில தள்ளிடறேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு..."

அவள் நிறுத்தினாள்.

எல்லோரும் எதிர் நாற்காலியைப் பார்த்தார்கள்.

மில்ட் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் விருந்துல உங்க பின்னாடியே நின்னுக்கிட்டு இருந்தேன், டெல்மா. போன் வந்தப்போ. நீங்களே சாட்சி."

"நின்னீங்க. எப்ப வந்து நின்னீங்கன்னுதான் எனக்குத் தெரியாது."

கார்வின் ஜன்னலருகே போனான். கீழே வண்டிகள் நிறுத்துமிடம். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மிஸ்டர் ட்ரையர், அந்தப் பச்சை பிக்கப் உங்களோடதுதானே?"

மில்ட் தொப்பியைத் தலையில் வைத்தார்.

"எதையும் லேசா வச்சிக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவர் நீங்க. உங்க வண்டி ஏன் பின்பக்கம் தரையில உட்கார்ந்திருக்கு?"

5

பிக்கப்பின் தார்ப்பாயை விலக்கியதும் மூன்று மஞ்சள் பொட்டுகள் வெயிலில் பளிச்சிட்டன.

"முட்டாள்டா நீ," என்றார் ரஸ். "ஆஸ்பத்திரி வரைக்கும் திருட்டுப் பொருளைக் கூட்டிட்டு வந்திருக்கே. பட்டறையில இறக்கி வைக்க வேண்டியதுதானே?"

"எதை வச்சு இறக்குறது?" மில்ட் தரையைப் பார்த்தபடி சொன்னார். "கிரேன் எமெட் வீட்டுல மாட்டிக்கிச்சே."

கார்வின் விலங்கை எடுத்தான். மில்ட் தானாகவே கைகளை நீட்டினார்.

"ஏன், மில்ட்?" டெல்மா கேட்டாள். "விக்கவா?"

அவர் நிமிர்ந்தார். முதல் தடவையாகக் கோபம் வந்திருந்தது.

"விக்கவா? இதையா?" தலையை ஆட்டினார். "பதினஞ்சு வயசுல எங்கப்பா என்னை ரேஸ் பார்க்கக் கூட்டிட்டுப் போனார். வேலியோரம் நிக்கிறேன். இந்த மாதிரி ஒண்ணு என்னைத் தாண்டிப் போச்சு. காதால கேட்கலை, டெல்மா. நெஞ்செலும்புல கேட்டது. அன்னையிலேர்ந்து..." பிக்கப்பைப் பார்த்தார். "எமெட் காரேஜ்ல அந்த போல்ட்டைப் பார்த்தப்போ அதே சத்தம் திரும்பவும் கேட்டது."

ரஸ் வாய் பிளந்து நின்றார்.

"அப்ப நீ... பிக் பிளாக் ஆளா?"

"ஸ்மால் பிளாக் பத்தி நான் சொன்னது எல்லாம் நிஜம். லேசு. வளைவுல நிக்கும். கொதிக்காது. எல்லாமே நிஜம். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இது வேணும்னு இருந்தது. அவன் சின்னது போட்டா இதை எனக்குத் தள்ளிவிடுவான்னு காத்துக்கிட்டே இருந்தேன். வியாழக்கிழமை பெரிய கிரேன் கேட்டதும் போச்சுன்னு நினைச்சேன்."

"அதனால பான்கேக் நேரம் பார்த்து மாத்திட வந்தீங்க."

"வேற ஒண்ணு வச்சிட்டா அவனுக்குத் தெரியாது. அவனும் பிக் பிளாக் ஓட்டின மாதிரி, எனக்கும்... அசலை வண்டியில ஏத்திட்டேன். மத்ததை மூலைக்குத் தள்ளிக்கிட்டு இருந்தேன். கதவைத் திறந்துக்கிட்டு எமெட் நிக்கிறான். எனக்குக் கை நழுவிடுச்சு. சங்கிலி ஆடிச்சு. அவன் என்னைப் பார்த்து ஓடி வந்தான். எஞ்சின் அவனை இடிச்சுத் தள்ளிடுச்சு."

"நீங்க ஓடிட்டீங்க."

மில்ட் விலங்கைப் பார்த்தார்.

"அசைவே இல்லை. செத்துட்டான்னு நினைச்சேன்."

"நீங்க வரிசையில சிரப் கேட்டுக்கிட்டு நின்னப்போ அவருக்கு உயிர் இருந்தது," என்றாள் டெல்மா. அவள் குரல் இப்போது கிண்டலாக இல்லை. "ரொவீனா போகலைன்னா இருந்திருக்காது."

கார்வின் மில்ட்டைப் போலீஸ் காரின் பின் சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான்.

மேலே ஒரு ஜன்னல் திறந்தது. ரொவீனா. ஏப்ரனோடு. அழுதுகொண்டே கையசைத்தாள்.

"கண்ணைத் திறந்துட்டார்..."

6

எமெட்டின் தலை வெள்ளை உருண்டையாக இருந்தது. கட்டுக்கு நடுவே ஒரு கண்ணும் பாதி மூக்கும். மண்டையில் விரிசல், ஆனால் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ரொவீனா அவர் கையை விடவில்லை. டெல்மாவும் ரஸ்ஸும் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்கள்.

எமெட்டின் முதல் கேள்வி:

"மில்ட்டுக்கு அடிபட்டுச்சா?"

டெல்மா ரஸ்ஸைப் பார்த்தாள்.

"சங்கிலி ஆடினதைப் பார்த்தேன். அவன் மேல சாயப் போகுதுன்னு ஓடினேன். அதுக்கப்புறம் ஞாபகம் இல்லை. அவன் நல்லா இருக்கானா?"

"ரொம்ப நல்லா இருக்கான்," என்றார் ரஸ். "கீழே போலீஸ் கார்ல விலங்கு மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். உன் அண்ணனோட எஞ்சினைத் திருட வந்தான்டா அவன். அது என்ன எஞ்சின் தெரியுமா உனக்கு? அசல் ரேஸ் எஞ்சின். பக்கவாட்டு போல்ட் வச்சது."

"தெரியுமே," என்றார் எமெட்.

"தெரியுமா?"

"அண்ணன் சொல்லியிருக்கான்."

"தெரிஞ்சுக்கிட்டா என்னை அது மேல காபி வைக்க விட்டே? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே?"

"உனக்குச் சொன்னா ஒரு மணி நேரத்துல மாநிலத்துக்கே கேட்கும், ரஸ்."

எமெட் மூச்சு வாங்கிக்கொண்டார். சிரிக்கப் பார்த்தார். வலித்தது.

"திருட வந்தானா? நிஜமாவா?"

"கையும் களவுமா," என்றாள் டெல்மா. "நீங்க பெரிய கிரேன் கேட்டதும், அந்த எஞ்சினை உங்க கார்ல போடப் போறீங்கன்னு பயந்துட்டார்."

அந்த ஒற்றைக் கண் அவளையே வெறித்தது.

"கார்ல போடவா? அவன் வண்டியில ஏத்தத்தானே கிரேன் கேட்டேன்."

ரொவீனா நிமிர்ந்தாள். "என்ன சொல்றீங்க?"

"ரெண்டு வருஷமா ஓதினான் இல்லையா? ஏறிடுச்சு எனக்கு. லேசா இருக்கணும், காலு வேகக்கூடாது. இந்த வயசுல எனக்கு ஸ்மால் பிளாக்தான் சரின்னு முடிவு பண்ணேன். போன வாரமே ஆர்டர் கொடுத்துட்டேன்." எமெட் கண்ணை மூடித் திறந்தார். "அந்தப் பெரிசை அவனுக்கே கொடுத்திடலாம்னு நினைச்சேன். அவன் ஒருத்தன்தான் அதைத் தாண்டிப் போகும்போது பேச்சை நிறுத்துவான். குப்பை, குப்பைன்னு சொல்வான்... சொல்லும்போது கை அதைத் தடவும். எனக்குத் தெரியாதா? விருந்துல எல்லார் முன்னாடியும் சொல்லி அவனைத் திணற வைக்கணும்னு இருந்தேன். பார்த்தா ஆளைக் காணோம். கூப்பிடலாம்னா போன் வீட்டுல..."

ரஸ் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய பெரிய தோள்கள் குலுங்கின. சிரிப்பா, அழுகையா என்று டெல்மாவால் சொல்ல முடியவில்லை.

"அவனை விட்டுட முடியாதா, டெல்மா?" எமெட் கேட்டார்.

"உங்களை ரத்தத்துல போட்டுட்டு ஓடினார், எமெட்."

எமெட் ரொவீனாவின் கையை அழுத்தினார்.

"ஆமா," என்றார். "அது சரியில்லைதான்."

டெல்மா கீழே இறங்கி வந்தாள். கார்வின் எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தான்.

பின் சீட்டில் மில்ட் கம்பி வலைக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தார்.

"என்ன சொன்னான்?"

டெல்மா முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். திரும்பினாள். எமெட் சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அப்படியே சொன்னாள்.

மில்ட் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நெற்றியை வலையில் முட்டுக் கொடுத்தபடி அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

கார் கிளம்பியது.

"நானும் எத்தனையோ பேரைப் பிடிச்சிருக்கேன், மில்ட்," என்றாள் டெல்மா. "வாதத்துல ஜெயிச்சுட்டு ஜெயிலுக்குப் போற முதல் ஆள் நீங்கதான்."